ஸ்டார் அணைந்த வீடு

அத்தியாயம் பதினொன்று

பலாக்கன்று வாங்கப் போவதாக மனைவி ஜெஸியிடம் சொல்லிவிட்டு மார்த்தாண்டத்துக்குப் போன எலியா சார், சொன்னபடியே இரண்டு கன்றுகளோடு திரும்பி வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இடையில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்து, கழுத்தில் ஊசி குத்திச் சோதனைக்குச் சதை எடுக்கக் கொடுத்ததை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பாறசாலைக்காரர் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்றுதான் கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனார். அங்கே காத்திருப்பு நாற்காலிகளில் அவருடைய சபைக்காரர்களே மூன்று பேர், அவரைப் போலவே முகக்கவசம் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நால்வரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாகவே மரியாதையோடு பிரிந்தார்கள்.

இன்று சாயங்காலம் டாக்டர் போன் செய்வார்.

எலியா சார் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று இடது காதுக்குக் கீழே விரலை வைத்தார். ஜாதிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி கிடையாது. வலித்தாலாவது திட்டலாம். அது சும்மா இருந்தது, ஆபீசில் புதிதாக மாற்றலாகி வந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஆளைப் போல. நேற்றைவிடப் பெரிதா? நேற்றும் இதே கேள்விதான்.

சவரம் செய்து முடித்து அலமாரியைத் திறந்தார். மின்வாரியத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, சபைச் செயலர் என்ற முறையிலும், செயலர் என்ற முறையில் தலைமை தாங்கியவர் என்ற முறையிலும் அவர் தோளில் விழுந்த பொன்னாடைகள் ஒரு தட்டு முழுக்க இருந்தன. ஒன்றை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். பொன்னாடைக்கும் உலகத்தில் ஓர் உபயோகம் உண்டு என்று கடந்த வாரம்தான் தெரிந்தது.

சபையில் இளைஞர்கள், "செக்கரட்டறி தன்னத்தானே பிஷப் ஆக்கியாச்சு" என்று பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. உண்மையைவிட அது கௌரவமாக இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் அவித்த மரச்சீனிக் கிழங்கு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஜீனா ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் போனில் வானிலைப் படத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். பௌதிகம் படித்துவிட்டு நெய்யாற்றின்கரைக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் மகள். பின்முற்றத்தில் முழ நீளத் தொலைநோக்கி ஒன்றும், அதில் மாட்டிய பழைய கேமராவும், இரண்டையும் வானத்தோடு சேர்த்து மெல்லத் திருப்பும் ஒரு மோட்டாரும் வைத்திருந்தாள். ஆண்ட்ரோமெடா என்ற சுருள் விண்மீன் மண்டலத்தைப் படம் பிடிக்க ஐப்பசியிலிருந்து முயற்சி. ஐப்பசியிலிருந்து மழை.

"அப்பா, இண்ணைக்கு வானம் தெளியும். சந்தியா ஆன உடனே நம்ம ஸ்டாரை அணைக்கணும்."

எலியா சாரின் கையிலிருந்த மரச்சீனி வாய்க்குப் போகாமல் நின்றது.

"எந்த ஸ்டாரை?"

"மாடியில நிக்கிய ஸ்டாரைத்தான். அதுக்க வெளிச்சம் ரப்பர் இலை எல்லாத்துலயும் அடிக்குது. ஈரக்காத்துல அப்படியே பரவுது. படத்துல பாலு கொட்டினது போல இருக்கு."

மாடியில் இரும்புக் கம்பத்தில் தொங்கிய அந்தக் கிறிஸ்மஸ் ஸ்டார் விளக்கு உதியன்குளங்கரை ஜங்ஷனிலிருந்தே தெரியும். சபையின் ஸ்டார் போட்டிக்கு எலியா சார் நடுவர். நடுவர் என்பதால் அவர் கலந்துகொள்வதில்லை. கலந்துகொள்ளாமலே வருஷாவருஷம் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இப்போது அவரை உலுக்கியது பெருமை அல்ல. அந்தச் சபையில் டிசம்பர் முதல் தேதி ஏற்றிய ஸ்டாரைப் புது வருஷம் பிறக்கும்வரை எந்த ராத்திரியும் அணைப்பதில்லை. கரண்ட் போனால் எல்லா வீடும் சேர்ந்து இருட்டாகும், அது வேறு. சுற்றிலும் ஸ்டார்கள் எரியும்போது ஒரு வீட்டு ஸ்டார் மட்டும் அணைந்தால் ஒரே ஓர் அர்த்தம்தான். அங்கே சாவு. உள்ளே அழுகை தொடங்கும் முன்பே யாராவது மாடிக்குப் போய் சுவிட்சை அமர்த்திவிடுவார்கள். ரோட்டில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு நடையை மெதுவாக்குவார்கள்.

"அது செரியாவாது," என்றார்.

"ஏன்?"

"சபைக்க செக்கரட்டறி வீடு. ஒரு முன்மாதிரி வேண்டாமா? அப்புறம் திருச்சபை ஒழுங்கு உண்டு. வயரிங்க அடிக்கடி அணைச்சுப் போட்டா லோடு மாறும்..."

"ரெண்டு மணிக்கூறுதான் அப்பா. சபை குரூப்புல ஒரு மெசேஜ் போடுங்க. 'படம் எடுக்க வேண்டி அணைக்கியோம், ஆரும் பயப்படாண்டாம்'னு. தீந்துது."

ஜெஸி பால் விடாத கட்டன்சாயாவைக் கொண்டுவந்து வைத்தாள். கணவர் முகத்தையும் பொன்னாடையையும் மாறி மாறிப் பார்த்தாள். "காலண்டர்னு சபையில நிண்ணு பறஞ்சது நீங்களாக்கும். பிள்ளை கேட்டுதா?"

அதுதான் சிக்கல். போன மாத ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில், புது வருஷக் காலண்டரில் இருபத்தைந்து லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள விண்மீன் மண்டலத்தின் படம் வரும் என்றும், அது தமது சொந்தப் பின்முற்றத்திலிருந்து எடுக்கப்படும் என்றும் அவர் சொல்லியிருந்தார். அந்தத் தூரத்துக்குத் தாமே கம்பம் நட்டு லைன் இழுத்த குரலில் சொன்னார். படத்தின் மூலையில் முட்டை வடிவ வட்டத்துக்குள் செயலரின் முகம் வரும் என்பதைச் சொல்லவில்லை. அச்சகத்தில் மட்டும் சொல்லியிருந்தார். அச்சகம் நாளை காலை படத்தைக் கேட்கிறது.

"மெசேஜ் நான் போடுதேன்," என்றார் எலியா சார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தார். 'இன்று மாலை எலியா வீட்டு ஸ்டார் அணைக்கப்படும்' என்று தட்டினார்.

வாசித்துப் பார்த்தார். இன்னொரு தரம் வாசித்தார். இதற்குக் கீழே ஒரு மெழுகுவர்த்திப் படம்தான் பாக்கி. அதுவும் இன்று, டாக்டர் கூப்பிடப்போகிற நாளில், தன் கையாலேயே.

வரி முழுவதையும் அழித்துவிட்டு வெளியே வந்தார்.

"போட்டாச்சா?" என்று ஜீனா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"போட்டாச்சு," என்றார்.

*

அணைக்க வேண்டாம் என்று தாமே சொல்ல முடியாத நிலையில், அதை வேறு யாராவது சொல்லக்கூடும் என்ற நம்பிக்கை எலியா சாருக்கு இருந்தது. அலுவலகத்தில் அவர் ஒரு காரியத்தைக் கெடுக்க நினைத்தால் அடுத்த செக்‌ஷனின் கருத்தைக் கேட்டு அனுப்புவார். அடுத்த காம்பவுண்டில் பூதலிங்கம் இருந்தார். தலைமைச் செயலகத்தில் துணைச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வாசல் விளக்கு, எதிரே வருகிற பஸ் டிரைவருக்கே கண் கூசும் அளவுக்குப் பிரகாசம். அவர் எதற்கும் இலகுவில் சம்மதித்ததாகச் சரித்திரம் இல்லை.

"பூதலிங்கம் சாரே, உங்க கேட்டு லைட்டை இண்ணைக்கு சந்தியாவுக்கு அணைக்கணும்னு பிள்ளை பறையுது. உங்களுக்கு கஷ்டமாக்கும், எனக்கு அறியும். பாம்பு உண்டு, கள்ளன் உண்டு. நீங்க முடியாதுன்னு சொன்னா நான் தப்பா எடுக்க மாட்டேன்."

பூதலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலண்டருக்கு உள்ள படமா?"

"ஓ, அதுக்குத்தான்."

"அப்போ எனக்க பேரு வருமா?"

"உங்க பேரா?"

"பெரிசா வேண்டாம் சாரே. 'இருட்டு உதவி: பூதலிங்கம், துணைச் செயலர், ஓய்வு'. அடியில சின்னதா போட்டா போரும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி கோமளவல்லியின் குரல் வந்தது. "ஆபீசுல இருந்த காலம் பூரா இருட்டுதானே குடுத்திய. அதுக்கு ஆரும் பேரு போடல்லியே!"

"நீ சும்மா இரி," என்றார் பூதலிங்கம். "கேட்டு லைட்டு மட்டும் போருமா சாரே? தெருவிளக்குக்கும் ஆளு உண்டு. நான் விளிச்சுப் பறயட்டா?"

எலியா சார் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார். வாழ்நாளில் பூதலிங்கம் சம்மதித்த ஒரே விண்ணப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

இனி மேகம்தான் கதி. மத்தியானம் அவர் முழங்காலில் நின்று மழைக்காக ஜெபித்தார். சொற்கள் வழக்கம்போல நீளமாக, தகுந்த அடைமொழிகளோடு வந்தன. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது சன்னல் வழியாக வெள்ளறடைப் பக்கத்து மலை, கழுவி வைத்ததுபோல் துல்லியமாகத் தெரிந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை.

*

அந்தி மங்கியதும் மாடிக்கு ஏறினார். பாறசாலைப் பக்கத்திலும் அதியன்னூர்ப் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு ஸ்டார்கள் எரிந்துகொண்டிருந்தன. தலைக்கு மேலே தம்முடையது, காற்றில் லேசாக முனகிக்கொண்டு. சுவிட்சில் விரலை வைத்தார். கரண்டோடு வாழ்ந்தவர், எத்தனையோ ஊர்களை ஒரு கையசைப்பில் இருட்டாக்கியவர். விரல் அமுக்க மறுத்தது.

"நீங்க தள்ளி மாறுங்க," என்று பின்னாலிருந்து ஜெஸி வந்து டக்கென்று அமர்த்தினாள். "ஒரு சுவிட்சுக்கு இம்புட்டு நேரமா?"

இருட்டு அவர் எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தது. பக்கத்தில் பூதலிங்கத்தின் விளக்கும் கடமை தவறாமல் அணைந்தது. ஜங்ஷனிலிருந்து பார்த்தால் இங்கே எப்படி இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்தார். வரிசைப் பல்லில் ஒன்று விழுந்தது போல.

கீழே பின்முற்றத்தில் ஜீனா மடிக்கணினித் திரைக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி வைத்திருந்தாள். மோட்டார் கொசுவைப் போல ஒலித்தது.

"அப்பா, இந்தக் கசேரையில இருங்க. ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு நிமிஷம் கேமரா திறந்து இருக்கும். அப்போ ஆரும் நடக்கப்படாது. போன் வெளிச்சம் காட்டவே படாது."

சட்டைப் பையிலிருந்த போனை எலியா சார் பொன்னாடையால் மூடிக்கொண்டார். டாக்டரின் எண்ணை அதில் 'நர்சரி' என்று பதிந்து வைத்திருந்தார். "பலாக்கன்றுக்கு என்னத்துக்கு இத்தனை போன்?" என்று ஜெஸி இரண்டு தடவை கேட்டாகிவிட்டது.

முதல் படம் திரையில் வந்தது. ஜீனா மூச்சை இழுத்தாள். "பாருங்க!"

அவர் குனிந்து பார்த்தார். கருஞ்சாம்பல் பரப்பில் நடுவே கொஞ்சம் வெளுப்பாக ஒரு தீற்றல். ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

"இதுவா?"

"இதுதான்."

இதை அவர் பார்த்திருக்கிறார். மார்த்தாண்டத்தில், ஸ்கேன் அறையில், இதே கருஞ்சாம்பல். இதே போல ஒரு தீற்றல். டாக்டர் அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அதுவரை அந்த டாக்டர் பேசிக்கொண்டேதான் இருந்தார்.

"இது... என்னன்னு பாத்தா அறிய முடியாதா?"

"ஒரு படத்துல அறிய முடியாதுப்பா. நிறைய எடுத்து ஒண்ணுக்கு மேல ஒண்ணா சேத்தாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். கொஞ்சம் பொறுக்கணும்."

பொறுப்பதைத் தவிர அவர் வேறென்ன செய்துகொண்டிருக்கிறார்?

ஜங்ஷன் பக்கம் காரல் குழுவின் டிரம் கேட்டது. வீடுவீடாகப் பாடிக்கொண்டு வருகிறார்கள். குதியாட்டமான தாளம், சிரிப்பு, யாரோ விசில். சத்தம் நெருங்கி, ரோட்டு வளைவுக்கு வந்தது. அங்கிருந்து எலியா சாரின் மாடி தெரியும்.

டிரம் நின்றது.

நடுத்தாளத்தில், கையைப் பிடித்து நிறுத்தியதுபோல நின்றது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. ரப்பர்த் தோட்டத்துச் சில்வண்டுகள் மட்டும் கத்தின.

பிறகு பாட்டு தொடங்கியது. மெதுவாக, ஆண்குரல்கள் மட்டும். அடக்க ஆராதனையில் பெட்டியை வீட்டிலிருந்து எடுக்கும்போது பாடுகிற பாட்டு. சாவு வீடு எதிர்ப்பட்டால் காரலை நிறுத்தி அந்தப் பாட்டோடு உள்ளே போக வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்தவரே அவர்தான். பாட்டு அவர் வீட்டை நோக்கி வந்தது.

அந்த நேரத்தில் நெஞ்சருகே போன் துடித்தது.

நர்சரி.

எழுந்தார். "அப்பா, அசையாதிங்க!" என்றாள் ஜீனா. நின்றார். போன் துடித்தது. பாட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தமக்குத்தான் விஷயம் தெரியவில்லை, ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது என்று அவர் நம்பினார். மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்தார். இருந்தது. தாறுமாறாக, ஆனால் இருந்தது.

போன் அடங்கிவிட்டது.

அவர் வீட்டைச் சுற்றி முன்பக்கம் ஓடினார். கேட்டுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் தலைகுனிந்து நின்றார்கள். முன்னால் சஜு, காரல் குழுத் தலைவன், டிரம்மை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி. கிறிஸ்மஸ் தாத்தா வேஷக்காரர் மரியாதைக்காகத் தாடியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

இருட்டில் வந்த உருவம் யாரென்று தெரியாமல் சஜு தணிந்த குரலில் கேட்டான். "எப்பமாக்கும் சேட்டா? சார் கடைசியா ஏதாவது பறஞ்சாரா?"

"எந்த சார்?"

குரல் தெரிந்ததும் சஜு இரண்டடி பின்னால் போனான். தாடிக்காரர் "கர்த்தாவே" என்றார்.

"நான் மரிக்கல்லலே," என்றார் எலியா சார். "ஆரும் மரிக்கல்ல. பிள்ளை படம் எடுக்குது."

"சார்... ஸ்டாரு அணைஞ்சு கிடந்துது. பூதலிங்கம் சாருக்க கேட்டு லைட்டும் அணைஞ்சுது. பக்கத்து வீட்டுக்காரரே துக்கம் காக்குதாருன்னு நெனச்சு... குரூப்புல..."

"குரூப்புல என்னலே?"

சஜு தயங்கித் தயங்கிப் போனை நீட்டினான். எலியா சார் தம் புகைப்படத்தைப் பார்த்தார். பொன்னாடை போர்த்தியது. சுற்றிலும் பூவளையம் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தார்கள். 'நேரம் தவறாதவர்' என்று ஒருவர். 'மைக் பிடித்தால் விட மாட்டார், இனி அந்தக் குரலை எங்கே கேட்போம்' என்று இன்னொருவர். நிறைய அழுகை முகங்கள். மூன்று கட்டைவிரல்கள். அதற்கும் கீழே, காலியான செயலர் பதவிக்கு ஆலோசனைகள் வரத் தொடங்கியிருந்தன. ஒருவர் 'நான் நிற்கத் தயார், ஆனால் இது அதற்கான நேரமல்ல' என்று எழுதியிருந்தார். கடைசியில், நாளை மாலை மூன்று மணிக்கு அடக்கம்.

வேறொரு நாளாக இருந்தால் அத்தனை பேரிடமும் விளக்கம் கேட்டிருப்பார். கட்டைவிரல்காரர்களுக்குத் தனி விசாரணை. இன்று அந்தக் கடைசி வரியைத் தாண்டி அவர் கண் நகரவில்லை. நாளை மாலை மூன்று மணி. யாரோ சும்மா எழுதியது.

"திருத்திப் போடு மக்கா," என்றார். "போங்க. அடுத்த வீட்டுல போய்ப் பாடுங்க."

அவர் வாஞ்சையாக 'மக்கா' என்று அழைத்துக் கேட்டறியாத சஜு, தலையாட்டிவிட்டுப் போனான். ரோட்டுக்குப் போய் வெகு தூரம் வரை அவர்கள் டிரம்மை அடிக்கவில்லை.

எலியா சார் பக்கச் சுவரோரம் இருட்டில் ஒதுங்கி, பொன்னாடைக்குள் போனை வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"டாக்டர்... எலியா பேசுதேன். ரிசல்ட்டு..."

"வந்திருக்கு சார். நாளைக்குக் காலையில நேர்ல வந்திருங்க."

"நாளைக்கு வரணுமா? போன்ல பறயப்படாதா?"

"நேர்ல பேசுறது நல்லது. தனியா வர வேண்டாம். வீட்டுல இருந்து யாராவது ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. இப்ப நல்லாச் சாப்பிட்டுத் தூங்குங்க."

முன்பு பேசியபோதெல்லாம் அவசரமாகப் பேசி வைக்கிற டாக்டர், இன்று இவர் வைக்கும்வரை காத்திருந்தார்.

போனை இறக்கியபோதுதான் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. ஜெஸி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"நர்சரிக்காரன் என்ன பறயுதான்?" என்றாள்.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"குரூப்புல மெசேஜ் போட்டாச்சுன்னு சொன்னிய. போடல்ல. ஊருக்காரன் நடையில வந்து நிண்ணு உங்களுக்கு சாவுப்பாட்டு பாடுதான். எனக்க ஈரக்குலை ஆடிப்போச்சு. ஏன் போடல்ல?"

"எழுதினேன் ஜெஸி. அனுப்பக் கை வரல்ல."

"ஏன் வரல்ல?"

மேடையில் எந்தத் தலைப்புக்கும் முன்தயாரிப்பு இல்லாமல் பேசக்கூடியவர். பொன்னாடையை எடுத்துச் சுவர்மேல் போட்டார். அவள் கையைப் பிடித்து இழுத்துத் தம் கழுத்தில், காதுக்குக் கீழே வைத்தார்.

அவள் விரல்கள் முதலில் புரியாமல் அலைந்தன. பிறகு நின்றன.

"இது எப்ப..."

"ஆருக்கும் சத்தம் வேண்டாம்!" என்று பின்முற்றத்திலிருந்து ஜீனா கத்தினாள். "திறந்தாச்சு! ரெண்டு நிமிஷம், ஆரும் அசையாதிங்க!"

இருவரும் அசையவில்லை. மோட்டாரின் மெல்லிய ஒலி மட்டும். ஜெஸியின் விரல்கள் கட்டியின் ஓரத்தைத் தேடி மெதுவாகச் சுற்றின. ஓரம் இருக்கிறதா என்று தேடின. எலியா சார் அவள் முகத்தைப் பார்க்க முயன்றார். இருட்டில் முகம் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அது ஒரு தரம் தடுக்கியது. பிறகு, வலிந்து, சீரானது. ரப்பர் மரங்களுக்கு மேலே வானம் முழுக்க நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. அந்தக் கை எடுபட்டுவிடுமோ என்று பயந்து, கழுத்தை அசைக்காமல் நின்றார்.

கேமரா கிளிக் என்று மூடியது.

"அம்மா! அப்பா! ஓடி வாங்க, சுருள் தெரியுது! வளைஞ்சு வளைஞ்சு வருது பாருங்க!"

யாரும் ஓடவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் போணும்?" என்று கேட்டாள் ஜெஸி. கையை எடுக்காமலே.